குங்கிலியமும் பிராங்கின்சென்ஸ் பாட்டிலும்: தோலுக்கு எது, எவ்வளவு?

தர்மபுரிக் கடைவீதியில் நாட்டு மருந்துக்கடைக்குப் போய்க் குங்கிலியம் கேட்டால், மங்கலான மஞ்சள் கட்டிகளை நிறுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். வாசனைப் பிசின் வேண்டும் என்று ஓசூரில் ஓர் அழகுசாதனக் கடையில் கேட்டால், பழுப்புக் கண்ணாடியில் பத்து மில்லி பாட்டில் ஒன்று வரும். பெயர் பிராங்கின்சென்ஸ் ஆயில், பாஸ்வெல்லியா என்ற மரங்களின் பிசினிலிருந்து எடுப்பது. விலை பல மடங்கு. அட்டையில் பெரும்பாலும் மூன்று சங்கதிகள் இருக்கும்: பல ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம், தோல் சுருக்கத்தைப் போக்கும், பாஸ்வெல்லிக் அமிலம் (அந்தப் பிசினிலுள்ள ஒரு சேர்மம்) நிறைந்தது. தனித்தனியாகப் பார்த்தால் முதல் இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. மூன்றையும் அந்த ஒரு பாட்டிலுக்குள் அடைத்ததில்தான் கோளாறு. நம் பாட்டிமார் தடவியது ஒரு பொருள், ஆய்வில் சோதித்தது வேறு பொருள், பாட்டிலில் விற்பது மூன்றாவது பொருள்.

முதலில் மரத்தைப் பார்த்துவிடுவோம். பட்டையில் வெட்டு விழுந்தாலோ பூச்சி துளைத்தாலோ சில மரங்கள் பிசினைச் சுரந்து அந்தக் காயத்தை மூடிக்கொள்கின்றன. காற்றுப் பட்டதும் அது இறுகி, பூஞ்சையும் பூச்சியும் உள்ளே போகாமல் அடைத்துவிடும். வாசனை நமக்காகச் சுரந்ததல்ல, பூச்சிகளை விரட்டுவதற்கு. இப்படிச் சுரக்கும் மரங்களில் பல வறண்ட காட்டையும் பாறைச் சரிவையும் விரும்புபவை. அதனால்தான் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் வழி, அஞ்செட்டிப் பக்கத்து மலைகள், தேன்கனிக்கோட்டைக் காடுகள் எல்லாம் பிசின் மரங்களுக்கு ஏற்ற மண். பாறை இடுக்கில் பச்சைப் பட்டை உரிந்து நிற்கும் கிளுவையைப் பார்க்காமல் இந்த மலைகளில் நடக்க முடியாது. காட்டு ஓரங்களிலும் வயல் வரப்புகளிலும் முட்கிளுவையை வேலியாக நட்டிருப்பார்கள். குச்சியை ஒடித்து ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். ஒடித்த இடத்தில் கையை வைத்து முகர்ந்தால் அந்த மணம் தெரியும்.

இந்தக் கிளுவையும், பறங்கிச்சாம்பிராணி தரும் பாஸ்வெல்லியா செர்ராட்டாவும், ராஜஸ்தான், குஜராத் பக்கம் விளையும் குக்குல் மரமும், கருங்குங்கிலியம் தரும் மேற்குத் தொடர்ச்சி மலை மரமும் ஒரே தாவரக் குடும்பம். கடையில் வெறும் குங்கிலியம் என்று கொடுப்பது இவற்றில் எதுவும் இல்லாமல் இருக்கலாம். அது பெரும்பாலும் மத்திய, வட இந்தியக் காடுகளின் சால மரத்துப் பிசின். வெறும் சாம்பிராணியோ (பறங்கிச்சாம்பிராணி வேறு) இங்கே விளைவதே கிடையாது. சுமத்ராவிலும் லாவோஸ் பக்கமும் வளரும் ஸ்டைராக்ஸ் மரங்களின் பிசின் அது, கப்பல் ஏறி வருகிறது. ஆக, 'பிசின் எண்ணெய்' என்று ஒரே பெயரில் பேசினாலும் நான்கைந்து வெவ்வேறு மரங்கள், வெவ்வேறு வேதிப்பொருள்கள்.

இதில் கலப்படம் வேறு. பைன் மரப் பிசினைக் காய்ச்சி டர்பன்டைன் எடுத்த பிறகு மிஞ்சும் ரோசின் மலிவானது. அதைக் கட்டியாக்கிக் குங்கிலியத்தோடும் சாம்பிராணியோடும் கலந்துவிடுவது சந்தைக்குப் பழகிய வேலை. பளபளவென்று தேன் நிறத்தில் உடைந்து, நசுக்கினால் பெயின்ட் கடை வாடை அடித்தால் சந்தேகப்படலாம். சாமிக்குப் புகை போட மட்டும் வாங்கினால் சரி, நஷ்டம் வாசனையோடு போகும். தோலில் தடவ வாங்கினால் விஷயம் வேறு. அதற்குப் பின்னால் வருவோம்.

பழைய வழக்கத்தில் பிசினைத் தோலுக்குக் கொண்டுபோக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று புகை, இன்னொன்று எண்ணெய். புகை எல்லோருக்கும் தெரிந்தது. குழந்தையைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, கூடையைக் கவிழ்த்து அடியில் தணல் வைத்துச் சாம்பிராணி தூவுவார்கள். திருக்கடவூரில் சிவனுக்குத் தூபம் போட மனைவியின் தாலியை விற்றுக் குங்கிலியம் வாங்கிய குங்கிலியக்கலய நாயனாரை நாயன்மார்களில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிற ஊர்கள் நம்முடையவை. புகையின் மேல் நமக்கு இருக்கும் மரியாதை சும்மா வந்ததல்ல.

ஆனால் தோல் என்று வரும்போது எண்ணெய் வழிதான் சுவாரசியம். சித்த மருத்துவத்தில் குங்கிலிய வெண்ணெய் என்றொரு மருந்து உண்டு. செய்முறை கேட்க எளிது. குங்கிலியத்தைப் பொடித்து, நல்லெண்ணெயில் போட்டு, இளந்தீயில் கரையவிட்டு, தூசியும் பட்டைத் துணுக்கும் போக வடிகட்டுவார்கள். அதைக் குளிர்ந்த நீரில் ஊற்றிக் கடைவார்கள். நீரை இறுத்துவிட்டுப் புது நீர் விட்டு மறுபடி கடைவார்கள். இப்படிப் பல முறை கழுவக் கழுவ, பழுப்பு எண்ணெய் வெளுத்து, தடித்து, கையில் எடுக்கும் பதத்துக்கு வந்துவிடும். எண்ணெய்க்குள் நுண்ணிய நீர்த்துளிகள் சிக்கிக்கொள்வதால்தான் இந்த வெள்ளை. இன்றைக்கு மருந்துக்கடையில் விற்கும் குளிர்ச்சிக் கிரீம்களின் அடிப்படையும் இதேதான். தீக்காயம், சொறி, ஆறாத புண், மூலத்தின் எரிச்சல் ஆகியவற்றுக்கு இதைப் பூசுவது வழக்கம்.

இன்னும் எளிய வடிவம் வீட்டுக் களிம்பு. குங்கிலியப் பொடி, தேன்மெழுகு, நல்லெண்ணெய் அல்லது விளக்கெண்ணெய் மூன்றையும் சேர்த்து உருக்கி, குதிகால் வெடிப்பில் தடவுவது. மார்கழி, தை மாதங்களில் ஓசூர், தளிப் பக்கம் அடிக்கும் காற்று தோலை உரித்துவிடும். செருப்பில்லாமல் கரட்டு நிலத்தில் நடந்து வேலை செய்பவர்களுக்கு வெடிப்பு ஆழமாகி இரத்தமே கசியும். அந்த இடத்தில் இந்தக் களிம்பு வேலை செய்வதற்கு மந்திரம் ஒன்றும் இல்லை. எண்ணெயும் மெழுகும் தோலிலிருந்து நீர் ஆவியாவதைத் தடுக்கின்றன. பிசின் அந்தப் படலத்தைக் கெட்டியாக ஒட்டவைக்கிறது, வேலைக்குப் போனாலும் சீக்கிரம் வழித்துக்கொண்டு போகாது. இதற்கு மேல் பிசினிலுள்ள சேர்மங்கள் வீக்கத்தையும் கிருமியையும் ஓரளவு கட்டுப்படுத்தலாம். என்னைக் கேட்டால் பலனில் பெரும்பங்கை எண்ணெய்க்கும் மெழுகுக்கும்தான் கொடுப்பேன்.

இப்போது பாட்டிலுக்கு வருவோம். பிராங்கின்சென்ஸ் ஆயில் என்பது பாஸ்வெல்லியா மரங்களின் பிசினுக்குள் நீராவியைச் செலுத்தி, மேலே வரும் ஆவியைக் குளிரவைத்துப் பிரித்தெடுத்த எண்ணெய். தைலம் என்ற சொல் கேட்டதும் நமக்கு வரும் வழவழப்பு அதில் இருக்காது. தடவினால் கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும். பிசினின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் இந்த எண்ணெய் கிடைக்கும். மீதியெல்லாம் கனமான பிசின் அமிலங்களும், நீரில் கரையும் கோந்தும். இந்திய வகையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் ஆல்ஃபா துஜீன் என்ற சேர்மம் அதிகம். ஓமன், சோமாலியா வகைகளில் பெரும்பாலும் ஆல்ஃபா பைனீன். இரண்டுக்கும் மூலக்கூறு எடை 136. விளம்பரத்தில் பேசப்படும் பாஸ்வெல்லிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 456. அந்தக் குடும்பத்தில் அதிகம் ஆராயப்பட்ட சேர்மம் ஒன்றுக்கு 512. இவ்வளவு கனமான பொருள் நீராவியோடு ஏறி வராது. ரசம் கொதிக்கும்போது வாசனை தெருமுனை வரை போகும், உப்பு பாத்திரத்திலேயே கிடக்கும். அதே கதைதான் இங்கேயும். பாஸ்வெல்லிக் அமிலம் வடிகலனின் அடியில் தங்கிவிடுகிறது, பாட்டிலுக்கு வருவது வாசனை மட்டும்.

ஆய்வுகள் எதைச் சோதித்தன என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடலில் அழற்சியைத் தூண்டும் 5-லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதியைப் பாஸ்வெல்லிக் அமிலங்கள் தடுப்பதைக் காட்டினார்கள். அங்கிருந்துதான் மூட்டுவலி மாத்திரைகள் கிளம்பின. தோல் விஷயத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 2010இல் வெளியான இத்தாலிய ஆய்வு. வெயிலால் முதிர்ந்த முகத்தோல் உள்ள 15 பெண்களுக்கு, முகத்தின் ஒரு பாதியில் 0.5 சதவீதம் பாஸ்வெல்லிக் அமிலம் கலந்த கிரீமும், மறுபாதியில் அந்த அமிலம் இல்லாத கிரீமும் 30 நாள் பூசினார்கள். மருந்து பூசிய பக்கம் சொரசொரப்பும் நுண்சுருக்கமும் குறைந்தன. நல்ல முறையில் திட்டமிட்ட ஆய்வுதான், ஆனால் வெறும் 15 பேர். அதோடு, பூசியது அமிலம் கலந்த கிரீம். வாசனை எண்ணெயை யாரும் அங்கே பூசவில்லை. இந்த ஆய்வை அட்டையில் காட்டி வாசனை எண்ணெயை விற்பது, மாம்பழத்தின் சத்தைச் சொல்லி மாம்பழ எசென்ஸை விற்கும் வேலை. கிருஷ்ணகிரிக்காரர்களிடம் அது செல்லுபடியாகாது.

இதற்காக வாசனை எண்ணெயை வீண் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. ஆய்வுக்கூடத் தட்டுகளில் அது சில பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் அடக்குகிறது. மணம் மனத்துக்கு இதமானது. மசாஜ் எண்ணெயில் இரண்டு சொட்டுச் சேர்த்தால் தேய்க்கவும் தேய்த்துக்கொள்ளவும் சுகம். ஒகேனக்கலில் அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய்ப் பாட்டில்களோடு நிற்கும் மசாஜ்காரர்களைக் கேட்டால், உடம்புக்குப் பலன் தருவது எண்ணெயும் கையின் அழுத்தமும்தான், வாசனை அதற்கு மேல் ஒரு சந்தோஷம் என்பது புரியும். அந்த அளவில் வைத்துக்கொண்டால் எந்த ஏமாற்றமும் இல்லை.

பிசினின் கனமான பகுதியும் தோலுக்கு வேண்டும் என்றால் பழைய வழியே பொருத்தம். பறங்கிச்சாம்பிராணியைப் பொடித்து நல்லெண்ணெயில் மிதமான சூட்டில் நெடுநேரம் வைத்தால், பிசின் பகுதியில் கொஞ்சம் எண்ணெயில் இறங்கும், கோந்து அடியில் கசடாக நிற்கும். எவ்வளவு இறங்கியது என்று வீட்டில் அளக்க முடியாது, ஆய்வில் பயன்படுத்திய 0.5 சதவீதத்தோடு ஒப்பிடவும் முடியாது. ஆனால் வடித்தெடுத்த எண்ணெயில் அறவே இல்லாதது இதில் கொஞ்சமாவது இருக்கும். பிசின் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் நேரடியாக அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குவது நல்லது. வெண்ணெய்ப் பதத்துக்கு நீரோடு கடைந்ததை வீட்டில் செய்து மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. நீர் இருக்கும் இடத்தில் பூஞ்சை பிடிக்கும். முறைப்படி செய்த குங்கிலிய வெண்ணெயைச் சித்த மருத்துவரைக் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

சாம்பிராணியின் கதை தனி. அதை நீராவியில் வடித்துப் பெரிதாக எண்ணெய் எடுக்க முடியாது. சாம்பிராணி எண்ணெய் என்று விற்பது பெரும்பாலும் பிசினைக் கரைப்பானில் கரைத்தது. வெனிலா மணம் வருவது அதிலுள்ள வெனிலினால். ஆஸ்பத்திரியில் தையல் போட்ட இடத்தின் மேல் பஞ்சில் நனைத்து ஒட்டுவார்களே, டிங்ச்சர் பென்சாயின், அது சாம்பிராணியைச் சாராயத்தில் கரைத்த பழுப்பு நீர்தான். சாராயம் பறந்ததும் பிசின் படலமாக நின்று காயத்தை மூடும், பிளாஸ்டரையும் நன்றாகப் பிடிக்கவைக்கும். மரம் தன் பட்டைக்குச் செய்துகொண்ட அதே காரியம். சாம்பிராணியிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்த பென்சாயிக் அமிலம் படர்தாமரைக்குப் பூசும் விட்ஃபீல்டு களிம்பில் 6 சதவீதம் இருக்கிறது, கூடவே 3 சதவீதம் சாலிசிலிக் அமிலம். இப்போது அந்த அமிலத்தைத் தொழிற்சாலையில் தயாரிக்கிறார்கள். படர்தாமரைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதை விட்டுவிட்டு அந்த மலிவான களிம்பை வாங்கிப் பூசினால் குணமாக வாய்ப்பு உண்டு.

புகையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பாட்டிமார் கோபித்தாலும் பரவாயில்லை. எந்தப் பிசினை எரித்தாலும் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் வரும். குழந்தையின் முடி காய்வது தணலின் சூட்டால், புகையால் இல்லை. அந்தக் காலத்தில் ஓட்டு வீடு, திறந்த முற்றம். இப்போது ஜன்னல் சாத்திய சின்ன அறை. அதிலும் கப் சாம்பிராணி என்று வருவதில் கரித்தூளும் பிணைப்புப் பொருளும் வாசனை ரசாயனமும்தான் அதிகம், பிசின் பேருக்கு. பச்சிளம் குழந்தைக்கும் வீசிங் உள்ளவர்களுக்கும் அந்தப் புகை வேண்டவே வேண்டாம். துண்டால் துவட்டி வெயிலில் கொஞ்ச நேரம் காட்டினால் முடி காய்ந்துவிடும்.

தோலுக்கு வரும் கெடுதல் பக்கத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் 'இயற்கை' என்ற வார்த்தையை நம்பித்தான் பலரும் பாட்டிலை அப்படியே முகத்தில் தடவுகிறார்கள். தோல் ஒவ்வாமைக்கு மருத்துவர்கள் முதுகில் ஒட்டிச் சோதிக்கும் வழக்கமான பட்டியலில் ரோசினும், பெரு பால்சம் என்ற இன்னொரு வாசனைப் பிசினும் நிரந்தரமாக இருக்கின்றன. பிளாஸ்டர் ஒட்டிய இடம் சிலருக்குச் சிவந்து அரிப்பதற்கு ரோசினும் ஒரு காரணம். பெரு பால்சம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சாம்பிராணியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கலப்படக் குங்கிலியத்தைத் தோலில் தடவுவது வேறு விஷயம் என்று முன்னே சொன்னது இதற்காகத்தான்.

வாசனை எண்ணெயில் இன்னொரு சிக்கல். பைனீன் வகைச் சேர்மங்கள் காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடைந்தால், அப்போது உருவாகும் பொருள்கள் புது எண்ணெயைவிட அதிகமாக ஒவ்வாமையைத் தூண்டும். திறந்து வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்த பாட்டில், மணம் மாறியிருந்தால், குப்பைக்குத்தான். நம் மாநிறத் தோலுக்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. எரிச்சல் இரண்டு நாளில் அடங்கிவிடும், அது விட்டுப்போகும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும். பொலிவுக்காகத் தடவப்போய் முகத்தில் கறுப்புத் திட்டோடு தோல் மருத்துவரிடம் போவது இப்படித்தான்.

தடவித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் பத்து மில்லி தேங்காய் எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ இரண்டு சொட்டுக்கு மேல் போக வேண்டாம். அது கிட்டத்தட்ட ஒரு சதவீதம். முகத்துக்கு அதிலும் பாதி போதும். முதலில் முன்கையின் உட்புறத்தில் தடவி இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும், ஒவ்வாமை உடனே காட்டாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் குதிகால் வெடிப்புக்கு வீட்டுக் களிம்போடு நின்றுவிடக் கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண் ஆழமாவதே தெரியாது.

இந்தக் கூட்டத்தில் அடிக்கடி வந்து சேரும் கற்பூரத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கி அரிப்புக்கும் சளிக்கும் தடவுவது நம் வீடுகளில் சாதாரணம். கடையில் வாங்கும் பூஜைக் கற்பூரம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் தயாரானது, தோலுக்கென்று தூய்மைப்படுத்தியதல்ல. குழந்தை அதை விழுங்கிவிட்டால் வலிப்பு வரலாம். கைக்கு எட்டும் இடத்தில் கற்பூர டப்பா இருக்கவே கூடாது.

கடைசியாக, இந்தப் பிசின்கள் எங்கிருந்து வரும் என்ற கேள்வி. பறங்கிச்சாம்பிராணியின் பெரும்பகுதி மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களின் காடுகளில் வெட்டியெடுக்கப்பட்டு வருகிறது. நம் பக்கத்துக் காவிரிக் காடுகள் 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாகவும், 2022இல் காவிரி தெற்குச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டவை. பொழுதுபோக்காகக் காட்டுக்குள் போய்ப் பட்டையைக் கீறிப் பிசின் எடுப்பது சட்டப்படி குற்றம். மரத்துக்கும் கேடு. ஆழமாகவும் அடிக்கடியும் கீறிய மரம் விதைக்கும் தெம்பை இழக்கும், காயத்தின் வழியே வண்டு புகும். எத்தியோப்பியா, எரித்திரியா, சூடான் நாடுகளின் பாஸ்வெல்லியா காடுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரை, பிசின் விளைச்சல் இருபது ஆண்டுகளில் பாதியாகலாம் என்று கணித்தது. பல ஆண்டுகளாகப் புதுக் கன்றுகள் மரமாகவே இல்லை என்பது அதன் அதிர்ச்சியான செய்தி. ஆடுமாடு மேய்ச்சலும் காட்டுத்தீயும் கன்றுகளை அழித்துவிடுகின்றன. குக்குல் மரத்தின் நிலைமை இதைவிட மோசம், மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் அது இருக்கிறது.

நம்ம வேலிக் கிளுவையும் குக்குல் பேரினம்தானே, அதன் பிசினை எடுத்தால் ஆகாதா என்று சிலர் கேட்பதுண்டு. பேரினம் ஒன்று, இனம் வேறு. குக்குலின் குணத்தை அப்படியே கிளுவைக்கு ஏற்றிச் சொல்ல முடியாது. வேலியாக அது நன்றாகவே உழைக்கிறது, அப்படியே இருக்கட்டும். பாட்டில் வாங்குபவர்கள் அட்டையில் மரத்தின் முழுத் தாவரப் பெயரும், நீராவியில் வடித்ததா கரைப்பானில் எடுத்ததா என்ற விவரமும், தயாரித்த தேதியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். நீராவியில் வடித்தது என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே பாஸ்வெல்லிக் அமிலம் நிறைந்தது என்றும் எழுதியிருந்தால், அந்தப் பாட்டிலைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.